ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் விளப்பில்சாலாவும்

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது நாகர்கோவிலில் இருந்து பொன்முடிக்கு ஒரு நாள் பயணம். விதுரா தாண்டி கல்லாறு வந்ததும் வண்டியை நிறுத்தி ஆற்றில் கால் நனைத்தோம். உருண்டைக் கற்கள், சில்லென்ற தண்ணீர். கல்லிடுக்குகளில் பாட்டில், பேப்பர் தட்டு, யாரோ வீசிய டயாபர்!

சிங்கப்பூரில் பிறந்த என் பையன் காலி சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எங்கேப்பா போடுறது?" என்றான். சுற்றிப் பார்த்தேன். ஒரு தொட்டிகூடக் கண்ணில் படவில்லை. டீக்கடைச் சேச்சி மலையாளத்தில் அலுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போவதைத் திங்கட்கிழமை அவர்தான் பொறுக்க வேண்டுமாம். இந்தத் தண்ணீர் வாமனபுரம் ஆறாகி, ஆற்றிங்கல் பக்கத்து வீடுகளுக்குக் குடிநீராகப் போவது.

பாக்கெட் எங்களோடு நாகர்கோவில் வந்தது. தெருமுனைத் தொட்டியில் போட்டேன். அதற்கப்புறம் அது எங்கே போனது? தெரியாது!

பேங்கில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். அன்றைய கணக்கு நேராகிவிடும். ஆனால் என்றைக்காவது யாராவது தீர்த்தே ஆகவேண்டும். திருவனந்தபுரம் நகரத்துக் குப்பைக்கு அப்படி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்டாக இருந்தது விளப்பில்சாலா என்ற கிராமம்.

2000-ல் அங்கே குப்பையை உரமாக்கும் ஆலை வந்தது. பிரிக்காத குப்பை வண்டி வண்டியாகப் போனது. உரமானது கொஞ்சம், மலையாகக் குவிந்தது மிச்சம். அழுகிய நீர் மீனம்பள்ளித் தோட்டில் இறங்கி கரமனை ஆற்றை நோக்கிப் போனது. நகரத்துத் தெருக்கள் சுத்தமாக இருந்தன. கிராமத்துக்காரர்களுக்கு நாற்றமும் ஈயும்தான்.

2011 டிசம்பரில் விளப்பில் பஞ்சாயத்தே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. 2012 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவோடு, போலீஸ் காவலில் லாரிகள் வந்தன. பெண்களும் குழந்தைகளும் உட்பட ஊரே திரண்டு வழிமறித்தது, லாரிகள் திரும்பின. கடைசியில் 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையை நிரந்தரமாக மூடச் சொன்னது.

பூட்டுப் போட்டதும்தான் நகரத்துக்கு மூளை வேலை செய்தது. வீட்டுக்கு வீடு உரத்தொட்டி, தெருவில் ஏரோபிக் தொட்டி என்று பிரித்துப் பழகினார்கள். படகுவீட்டுச் சுற்றுலா ஊரான ஆலப்புழையும் இதே காலத்தில், இதே மாதிரி கிராமத்து எதிர்ப்புக்குப் பிறகு, வீட்டிலேயே உரமாக்கும் முறைக்கு மாறியது. 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதைப் பாராட்டிய ஐந்து நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு பற்றி எரிந்து, நகரமே பல நாள் புகையில் மூச்சுத் திணறியது. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி பிணமாகத்தான் கிடைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு நம் திருநெல்வேலிப் பக்கம், நடுக்கல்லூர் போன்ற ஊர்களில் கொட்டிக் கிடந்தது. மூன்று நாளில் அள்ளச் சொன்னது பசுமைத் தீர்ப்பாயம், கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின.

அந்தச் செய்தியைப் படித்து எனக்கும் கோபம் வந்தது. ஆனால் நம் ஊர் நகரங்களும் பக்கத்துக் கிராமத்தில்தானே கொட்டுகின்றன? மாநில எல்லை தாண்டினால்தான் நமக்கு ரோஷம் வருகிறது.

"சிங்கப்பூரைப் பாருங்க" என்று ஊரில் நாம் எல்லோரும் சொல்கிறவர்கள்தான். 1977-ல் தொடங்கி பத்து வருஷம் பாடுபட்டுத்தான் இங்கே ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். எரித்த சாம்பல் போகிற செமக்காவ் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இங்கேயும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்!

அடுத்த முறை பொன்முடிக்குப் போகிறவர்கள் ஒரு பை எடுத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்தபின் அந்தப் பை எங்கே போகிறது என்றும் உங்கள் நகராட்சியைக் கேளுங்கள். என் பையன் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.