வீட்டு வேலியில் சீந்தில் கொடி: வளர்ப்பது எளிது, அடையாளம் தெரிவதே முக்கியம்

தோட்டப்புற லயன் வீடுகளிலும் தாமான் வேலிகளிலும் இதய வடிவ இலைகளோடு படரும் கொடிகளில் சீந்திலும் ஒன்று. அமிர்தவல்லி என்ற பெயரும் இதற்கு உண்டு. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் இக்கொடி, வெட்டிப் போட்டாலும் எளிதில் சாகாது.

நடும் முறை

பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டில், இரண்டு மூன்று கணுக்கள் இருக்கும்படி ஒரு சாண் துண்டு போதும். மேல்நுனி மேலே இருக்கும்படி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகுமாறு ஊன்ற வேண்டும். தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். கம்பி வேலி அல்லது உறுதியான பந்தல் அமைப்பது நல்லது. வேப்ப மரத்தில் படர்ந்த சீந்திலே உயர்ந்தது என்பது நாட்டு வைத்திய வழக்கு. ஆனால் முருங்கை போன்ற மென்மையான மரங்களில் ஏறவிட்டால், பாரம் தாங்காமல் கிளை முறியலாம். கயிறு போல் தொங்கும் விழுதுகள் தரையைத் தொட்டால் அங்கும் வேர்விடும். அவற்றை அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும்.

இலை உதிர்ந்தால்

சீந்தில் வறட்சியில் இலை உதிர்க்கும் கொடி. கெடா, பெர்லிஸ் பகுதிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் வெயில் நீடிக்கும்போது கொடி மொட்டையாகலாம். பட்டுவிட்டதென்று பிடுங்கிவிட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். மழை வந்ததும் துளிர்க்கும்.

சீந்திலா, பத்தாவாலியா?

மலாய் மொழியில் பத்தாவாலி எனப்படுவது இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி. இரண்டின் இலையும் ஒன்றுபோலவே இருப்பதால் தண்டைத்தான் பார்க்க வேண்டும். பத்தாவாலியின் தண்டு பாகற்காய்த் தோல்போல் முண்டும் முடிச்சுமாக இருக்கும். சீந்தில் தண்டில் அத்தகைய முண்டுகள் இல்லை. முற்றிய தண்டில் மெல்லிய தோல் காகிதம்போல் உரியும்.

குடிப்பதற்கு முன்

கோவிட் காலத்தில் இந்தியாவில் பலர் சீந்தில் கஷாயம் குடித்தனர். அவர்களில் 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் தெரிவித்தனர். வேறு கொடியைச் சீந்தில் என்று எண்ணிக் குடித்திருக்கலாம் என இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. ஆனால் 2022இல் வெளிவந்த ஆய்வு, 13 மருத்துவ மையங்களில் 43 பேரிடம் சீந்தில் தொடர்பான பாதிப்பைப் பதிவு செய்தது. பத்தாவாலியாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

இனிப்புநீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இக்கொடிகளின் சாற்றையும் சேர்த்துக் குடித்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கல்லீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பதே நல்லது. கஷாயம் குடித்த பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, பசியின்மை போன்றவை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு கிளினிக் செல்ல வேண்டும். குடித்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கொடியின் தண்டு ஒன்றையும் கையோடு எடுத்துச் சென்றால், எந்தக் கொடி என்பதைக் கண்டறிய உதவும்.