செத்த இறாலா, நவச்சாரமா?

கடல்நீர் மீன்தொட்டி வைக்கப்போறேன்னு யாராவது கிளம்பினா, முதல் சண்டையே அம்மோனியாவுலதான் ஆரம்பிக்கும். கண்ணாடி, உப்பு, விளக்கு எல்லாம் காசு கொடுத்தா வந்துடும். ஆனால் மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் போதுமான அளவு இருக்காது. அவை பெருக அம்மோனியா வேணும். அதே அம்மோனியா மீனுக்கு விஷம். அப்ப முதல் அம்மோனியாவை எங்கிருந்து கொண்டுவருவது?

கொஞ்சம் பின்னாடி போவோம்.

1846-ல் அன்னா தின் என்ற பெண்மணி டார்க்கீ கடற்கரையில் இருந்து உயிருள்ள பவளங்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் கெடாமல் இருக்க, திறந்த ஜன்னல் பக்கத்தில் வைத்து அதை ஊற்றி ஊற்றி எடுக்கச் சொன்னாராம். நம்ம டீ மாஸ்டர் டீ ஆத்துற மாதிரிதான் :-) கை வலித்தது வீட்டுப் பணிப்பெண்ணுக்கு, பெயர் கிடைத்தது எஜமானிக்கு. அது எப்பவும் உள்ள கதை.

அதே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849-ல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ரெண்டு தங்கமீன், கொஞ்சம் வாலிஸ்நேரியா செடி போட்டுப் பார்த்தார். செடி அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார், தண்ணீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்று 1850-ல் எழுதினார். பிறகு கடல்நீரிலும் முயன்றார். 1853-ல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் காட்சியகம் திறந்தது, அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்தது. ஊரே தொட்டி வைக்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. அம்மோனியா எங்கே போகுதுன்னு யாருக்கும் தெரியாது.

இதுக்கப்புறம் வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ் இருவரும் சாக்கடைத் தண்ணீரை மணல் வழியாக மெதுவாக வடியவிட்டார்கள். சுமார் இருபது நாள் ஒண்ணுமே நடக்கல. அதற்குப் பிறகு அம்மோனியா போய் நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. ஆக, இது உயிருள்ள எதோ செய்கிற வேலை. புதுத் தொட்டிக்காரன் வாரக்கணக்கில் காத்திருக்கிறானே, அது இந்தக் காத்திருப்புதான்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் இதை விடாமல் துரத்தியவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். அதே தங்கமீன்காரரின் மகன்! அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கிருமி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொன்று என்பது வரை மகன் வந்துவிட்டார். ஆனால் அதைப் பிரித்து வளர்க்க முடியல. காரணம், அவர் பயன்படுத்திய ஜெலட்டினில் அவை வளராது. 1890-ல் வினோகிராட்ஸ்கி கரிமப் பொருளே இல்லாத உப்புக் கரைசலில் பிரித்துக் காட்டினார். அப்பா தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த வேலையை மகன் வாழ்நாளெல்லாம் தேடியிருக்கிறார். வாத்தியார்கள் ஏன் இந்தக் கதையைச் சொல்வதில்லையோ!

நிற்க. தொட்டிக்கு வருவோம்.

விஷயம் தெரிந்த பின்னாலும் ரொம்ப காலம் ஆட்கள் செய்தது என்ன? விலை குறைவான, முரட்டு டாம்செல் மீன் ரெண்டை வாங்கிப் போடுவது. அது கழிவு போடும், நுண்ணுயிர் வளரும், மீன் பிழைத்தால் அதிர்ஷ்டம். செவுள் வெந்து மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவிக்கும். கடல்நீரில் இது இன்னும் மோசம்: பிஎச் ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவின் விஷமான வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்காகும். கடல்நீர்த் தொட்டி 8.2 பக்கத்தில்தான் நிற்கும். 'காசு கம்மிதானே' என்பதற்காக ஒரு உயிரைப் பலிகொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்ப்பாறைகளை வைத்துத் தொட்டி நடத்துவதை எழுதினார். பாறையிலேயே நுண்ணுயிரும் இருக்கு, பயணத்தில் செத்த பஞ்சுயிரி, புழு மூலமாக அம்மோனியாவும் இருக்கு. அருமையான வழி. ஆனால் நம்ம ஊரில் மன்னார் வளைகுடாவில் போய்ப் பொறுக்கலாம்னு நினைக்காதீங்க. 2001-லிருந்து பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

அடுத்தது கடை இறால். உரித்துப் போட்டு அழுகவிடுவது. மீன் சாகாது, சரி. ஆனால் எவ்வளவு அம்மோனியா, எப்போ வரும் என்று சொல்லவே முடியாது. கூடவே பாஸ்பேட்டும் வரும். வீட்டம்மாவுக்கு மூக்கு இருந்தால் அந்தத் திட்டம் ரெண்டாம் நாளே கைமா :-)

என் ஓட்டு அம்மோனியம் குளோரைடுக்கு. ஆமாங்க, நம்ம நவச்சாரம்! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்ப்பாரே, அதேதான். அதற்காக அவர் பொட்டலத்தைத் தொட்டியில் கொட்டாதீங்க, ஆய்வகத் தரம் வேணும். 100 லிட்டருக்கு சுமார் 0.63 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் வரும். அளந்து போடலாம், சோதனைக் குப்பியில் அளந்து பார்க்கலாம். போட்ட 2 பிபிஎம் ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யமானால் மீன் வாங்கக் கிளம்பலாம். தண்ணீர் கொஞ்சம் மாற்றிவிட்டுத்தான்.

கொசுறு: அம்மோனியாவைத் தின்பது பாக்டீரியா மட்டும்தான் என்று நூறு வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். 2005-ல் அதே வேலையைச் செய்யும் ஆர்க்கியா இனம் ஒன்றை முதன்முறையாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர். எங்கே கிடைத்தது தெரியுமா? சியாட்டில் மீன் காட்சியகத்தில், ஒரு கடல்நீர்த் தொட்டியில்.