இளம் முக்குளிப்பாளர்களின் பாதுகாப்பும் பெற்றோர் பொறுப்பும்

அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய உருளையை முதுகில் சுமந்து, அக்காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவது ஸ்கூபா முக்குளிப்பு எனப்படும். பெரியவர்களுக்காக உருவாக்கப்பட்ட இக்கருவி, இரண்டே ஆண்டுகளில் ஒரு சிறுவனின் முதுகில் ஏறியது. இன்று பல நாடுகளில் 8 வயதுக் குழந்தைகளும் நீச்சல் குளங்களில் இதைப் பழகுகின்றனர். நீரில் இறங்கும் குழந்தையின் உயிருக்குப் பொறுப்பு தந்தையா, பயிற்றுநரா, கையெழுத்திட்ட படிவமா என்பது இவ்விளையாட்டின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வரும் கேள்வியாகும்.

தொடக்க காலம்

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் இணைந்து 1943இல் 'அக்வா-லங்' கருவியை உருவாக்கினர். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருவது இதன் சிறப்பு. போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் கூஸ்தோ தம் மூத்த மகன் ழான்-மிஷேலுக்கு இக்கருவியை மாட்டி நீரில் இறக்கினார். அப்போது அச்சிறுவனுக்கு வயது 7. பின்னாளில் கடல் ஆய்வாளராகப் புகழ்பெற்ற ழான்-மிஷேல், இந்நிகழ்வைப் பலமுறை மகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

சிறுவர்களுக்கான பயிற்சி நூலோ வயது வரம்போ மருத்துவப் படிவமோ அன்று இல்லை. தந்தையின் துணிவும் அனுபவமும் மட்டுமே பாதுகாப்பாக இருந்தன. எனினும் அந்தத் தந்தை கருவியை உருவாக்கியவர். அதன் ஒவ்வொரு பகுதியையும் அறிந்தவர். கருவி கடைகளில் விற்பனைக்கு வந்த பிறகு, அதை வாங்கிய எல்லாத் தந்தையரும் அவ்வாறு இருக்கவில்லை.

பயிற்சி அமைப்புகளும் வயது வரம்பும்

முறையான பயிற்சியின் தேவை விரைவிலேயே உணரப்பட்டது. பிரிட்டனில் 1953இல் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் தொடங்கப்பட்டது. உலக நீரடி நடவடிக்கைகள் கூட்டமைப்பு (சிமாஸ்) 1959இல் உருவானது. அதன் முதல் தலைவர் கூஸ்தோ. அமெரிக்காவில் 1960இல் நாவி, 1966இல் பாடி ஆகிய அமைப்புகள் தோன்றின.

நீண்ட காலம் 12 வயது நிரம்பியவர்களையே பாடி இளையோர் பயிற்சிக்குச் சேர்த்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்த வரம்பு 10ஆகக் குறைக்கப்பட்டது. குடும்பத்துடன் சுற்றுலா செல்வோர் பெருகியதும், சிறுவர் உடலுக்கேற்ற சிறிய கருவிகள் கிடைத்ததும் இம்மாற்றத்துக்குத் துணை செய்தன. பாடியின் இன்றைய விதிகள் சுருக்கமாக:

* 8 வயது முதல்: பயிற்றுநருடன் 2 மீட்டர் ஆழம் வரை அறிமுக முக்குளிப்பு.
* 10, 11 வயது: சான்றிதழ் பெற்ற பின் பெற்றோர், பாதுகாவலர் அல்லது பாடி தொழில்முறை முக்குளிப்பாளருடன் 12 மீட்டர் வரை. துணை வரும் பெற்றோரும் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும்.
* 12 முதல் 14 வயது: சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவருடன் 18 மீட்டர் வரை.
* 15 வயது: முழுச் சான்றிதழுக்குத் தகுதி.

வயது வரம்பு என்பது சேர்க்கைக்கான தகுதி மட்டுமே. பத்து வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தையும் முக்குளிக்கத் தயார் என்று அதற்குப் பொருளில்லை. அந்த முடிவைக் குழந்தையை நன்கு அறிந்தவர்களே எடுக்க வேண்டும்.

சிறுவர் உடலும் நீரழுத்தமும்

கடல்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். 10 மீட்டர் ஆழத்தில் அது 2 ஆகிறது. பாயில் விதிப்படி, அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்பை அடையும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளையை அடையக்கூடும்.

அழுத்த மாற்றத்தின் விகிதம் மேற்பரப்புக்கு அருகில்தான் மிக அதிகம். ஒன்றரை மீட்டர் ஆழக் குளத்திலும் இந்த விபத்து நேரலாம். எனவே, "ஆழமில்லாத இடம்தானே" என்ற பெற்றோரின் ஆறுதலுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஆழ வரம்பு வேறு சில ஆபத்துகளைக் குறைக்கும். இந்த ஆபத்தை நீக்காது.

கிணற்றிலும் குளத்திலும் நீந்தப் பழகும் குழந்தைக்கு "மூச்சைப் பிடி" என்பதே முதல் பாடம். ஸ்கூபாவின் முதல் விதியோ, "ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே" என்பது. பயந்த குழந்தை முன்பு கற்ற பழக்கத்துக்கே திரும்பும். நன்றாக நீந்தத் தெரிந்த குழந்தைக்கும் தனிப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

சிறுவர் உடலில் வேறு சில வேறுபாடுகளும் உண்டு. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் அவர்களுக்குக் குறுகலாகவும் கிடையாகவும் இருப்பதால், காதின் அழுத்தத்தைச் சமன் செய்வது கடினம். எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகம் என்பதால் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். வழக்கமான அலுமினிய உருளை ஒன்றின் எடை சுமார் 14 கிலோ. பத்து வயதுக் குழந்தையின் எடை ஏறத்தாழ 30 கிலோ. சிறிய உருளை, உடலோடு பொருந்தும் மிதவைச் சட்டை, சிறிய வாய்ப்பகுதி ஆகியவை குழந்தைகளுக்கு இன்றியமையாதவை.

துணைவர் முறையின் குறை

ஸ்கூபாவில் இருவர் இணையாக நீந்துவர். ஒருவரின் காற்று தீர்ந்தால் மற்றவர் தருவார். ஒருவர் மயங்கினால் மற்றவர் மேலே கொண்டுவருவார். இருவரும் ஒருவரையொருவர் காக்க வல்லவர்கள் என்பதே இம்முறையின் அடிப்படை.

தந்தையும் பத்து வயது மகளும் இணையாக இறங்கும்போது இந்த அடிப்படை உடைகிறது. தந்தை மகளைக் காக்கலாம். தந்தைக்கு மாரடைப்பு வந்தால், 80 கிலோ எடையுள்ள அவரை மகளால் மேலே கொண்டுவர இயலாது. அவரை விட்டுத் தனியே மேலேறும் மன உறுதியையும் அவளிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒரு குழந்தைக்கு இரு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் தொழில்முறை முக்குளிப்பாளர் என்ற ஏற்பாடே பாதுகாப்பானது. உடன் வரும் பெற்றோர் தம் உடல்நலத்தையும் திறமையையும் சோதித்துக்கொள்வதும் குழந்தையின் பாதுகாப்பில் அடங்கும். பல ஆண்டுகளுக்கு முன் சான்றிதழ் பெற்று, அதன்பின் நீரில் இறங்காத பெற்றோர் முதலில் தாம் மறுபயிற்சி பெற வேண்டும்.

ஒப்புதல் படிவமும் சட்டமும்

பயிற்சிக்கு முன் பெற்றோரிடம் இருவகைப் படிவங்கள் தரப்படுகின்றன. ஒன்று மருத்துவ வினாப்பட்டியல். மற்றொன்று ஆபத்தை ஏற்றுக்கொண்டு நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் உறுதிமொழி.

இரண்டாவது படிவத்தின் வலிமை நாட்டுக்கு நாடு மாறுபடும். அமெரிக்காவின் புளோரிடா மாநில உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகன விளையாட்டில் ஒரு சிறுவன் இறந்த வழக்கில், குழந்தையின் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே வணிக நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று 2008இல் தீர்ப்பளித்தது. 2010இல் அம்மாநிலச் சட்டமன்றம், செயலோடு இயல்பாகவே கூடிய ஆபத்துகளுக்கு மட்டும் அத்தகைய கையெழுத்தை அனுமதித்தது. பிரிட்டனில், கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் வணிக நிறுவனம் விலக்கிக்கொள்ள முடியாது என்பது 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, வயது வராதோர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்கள்.

சட்டம் எதுவாயினும், இரண்டில் மருத்துவப் படிவமே உயிரைக் காப்பது. பயணம் கெட்டுவிடுமே என்று குழந்தையின் ஆஸ்துமாவையோ வலிப்பையோ காது நோயையோ மறைத்து "இல்லை" என்று எழுதும் பெற்றோர், பயிற்றுநரின் கண்ணைக் கட்டிவிடுகின்றனர்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

அந்தமானிலும் புதுச்சேரியிலும் ஸ்கூபா மையங்கள் இயங்குவதால், தமிழ்க் குடும்பங்களும் இம்முடிவை எடுக்க வேண்டியுள்ளது. கீழ்க்காணும் குறிப்புகள் உதவும்.

1. விருப்பம் யாருடையது என்பதை முதலில் அறிய வேண்டும். பெற்றோரை ஏமாற்ற விரும்பாத குழந்தை, காது வலியையும் பயத்தையும் மறைத்துவிடும். "வேண்டாம் என்றால் யாரும் கோபிக்க மாட்டோம்" என்று படகில் ஏறுமுன் சொல்வது நல்லது.
2. சளி, காது வலி இருக்கும் நாளில் முக்குளிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ள குழந்தைகளுக்கு மருத்துவரின் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும்.
3. பயிற்றுநரின் சான்றிதழைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேரை அழைத்துச் செல்கிறார் என்று கேட்க வேண்டும். கடல் பயிற்சியில் ஒரு பயிற்றுநருக்கு நால்வர், அவர்களில் 10, 11 வயதினர் இருவருக்கு மேல் கூடாது என்பது பாடியின் விதி.
4. படகில் மருத்துவ ஆக்ஸிஜனும் முதலுதவி தெரிந்தவரும் உள்ளனரா என்று உறுதி செய்ய வேண்டும்.
5. முக்குளித்த பின் உடனே விமானம் ஏறக் கூடாது. ஒருமுறை முக்குளித்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தால் 18 மணி நேரமும் இடைவெளி தேவை. அந்தமானிலிருந்து திரும்புவோர் பயணத் திட்டத்திலேயே இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1945இல் ழான்-மிஷேலுக்குப் படிவமோ விதியோ இல்லை. அனைத்தும் அறிந்த ஒருவர் அருகில் இருந்தார். இன்று விதிகளும் படிவங்களும் நிறைய உள்ளன. குழந்தையின் முகத்தைப் பார்த்து அதன் பயத்தை உணர்ந்து, "இன்று வேண்டாம்" என்று சொல்லும் பொறுப்பை மட்டும் எந்தப் படிவமும் ஏற்பதில்லை. அது இன்றும் பெற்றோரிடமே உள்ளது.