லாஸ்கோ: மூச்சுக் காற்றால் கெட்டுப்போன குகை

பிரான்ஸ் சுற்றுலா என்றதும் நம்மில் பலருக்கு ஈஃபில் கோபுரம்தான் கண் முன்னால் வரும். அதை விட்டால் மோனாலிசா. ஆனால் அந்த நாட்டின் தென்மேற்கில் டோர்தோஞ் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே வெஸேர் என்ற சின்ன ஆற்றின் கரையில் மோன்தின்யாக் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. இந்த ஊரின் கதையைப் படித்ததிலிருந்து "ஒரு இடத்தைச் சுற்றிப் பார்ப்பது" என்றால் என்ன என்ற கேள்வி என்னை விடவே இல்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஊரைக் கொஞ்சம் சுற்றி வருவோம். கோடைக்காலத்தில் மோன்தின்யாக்கில் சிறு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆற்றோடு போகலாம். வெஸேர் சாதுவான ஆறு. இரண்டு பக்கமும் வால்நட் தோப்பு, ஓக் காடு, நடுநடுவே வெளிர் மஞ்சள் நிறச் சுண்ணாம்புப் பாறைகள். சேன் லியோன் என்ற அழகான கிராமத்தைத் தாண்டினால் லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் என்ற செங்குத்துப் பாறை வரும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரம். பாறையில் அடுக்கடுக்காக இயற்கையான திண்ணைகள். கற்கால மனிதர்களும் அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள், இடைக்கால மக்கள் அதையே கோட்டையாகவும் ஊராகவும் மாற்றி வாழ்ந்திருக்கிறார்கள். இன்னும் கீழே போனால் லெஸ் எய்ஸி. 1868ல் ரயில் பாதை வேலை நடந்தபோது குரோ மாக்னான் மனிதர்களின் எலும்புகள் கிடைத்தது இங்கேதான். நடக்கப் பிடித்தவர்களுக்குக் காட்டு வழியாக ஒற்றையடிப் பாதைகளும் உண்டு.

இவ்வளவு இருந்தும் மோன்தின்யாக்கை உலகம் அறிந்தது ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் ஒரு ஓட்டையால்தான்.

1940 செப்டம்பர். ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. மோன்தின்யாக் ஜெர்மன் படை நுழையாத தெற்குப் பகுதியில் இருந்ததால் வெளியூர்களிலிருந்து தப்பி வந்தவர்கள் பலர் அங்கே தங்கியிருந்தார்கள். உள்ளூர் மெக்கானிக் பையன் மார்செல் ரவிதா, குன்றின் மேல் மரம் சாய்ந்த இடத்தில் ஒரு குழியைப் பார்த்து வைத்திருந்தான். அவனுடைய நாய் ரோபோதான் அதைக் காட்டிக்கொடுத்தது என்றும் சொல்வார்கள். பழைய மாளிகைக்குப் போகும் சுரங்கப்பாதை ஒன்று அந்தப் பக்கம் இருப்பதாக ஊரில் ஒரு பேச்சு. புதையல் இருக்குமோ என்ற ஆசை யாரை விட்டது?

செப்டம்பர் 12 அன்று ரவிதா விளக்கோடு திரும்பி வந்தான். கூட ழாக் மர்சால், ழோர்ழ் அன்யெல், பாரிஸிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பையன் சிமோன் கோயென்காஸ். நால்வரும் குழியைப் பெரிதாக்கி உள்ளே சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போய் விளக்கைத் தூக்கிப் பிடித்தால், சுவரெல்லாம் காளைகள், குதிரைகள், மான்கள்!

அவர்கள் தங்கள் பள்ளி ஆசிரியர் லியோன் லவாலிடம் சொன்னார்கள். சில நாட்களிலேயே அன்றைய குகை ஓவிய நிபுணர் ஆன்றி ப்ரய் வந்து பார்த்து, இவை அசலானவைதான் என்று உறுதி செய்தார். மர்சால் குகை வாசலில் கூடாரம் போட்டுக் காவலுக்கே உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அரசாங்கம் குகையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

போர் அந்தப் பையன்களையும் விடவில்லை. கோயென்காஸின் பெற்றோர் பின்னர் கைதாகி ஆஷ்விட்ஸில் உயிரிழந்தார்கள். வயது குறைவு என்பதால் அவர் தப்பினார். நால்வரில் கடைசியாக 2020ல் மறைந்தவர் அவர்தான்.

சரி, உள்ளே அப்படி என்ன இருக்கிறது? சுமார் அறுநூறு விலங்கு ஓவியங்கள், அதைவிட அதிகமாகச் செதுக்கல்கள். வரைந்து 17,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மிகப் பெரிய காளை ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். இரும்புத் தாதிலிருந்து சிவப்பும் மஞ்சளும், மாங்கனீஸிலிருந்து கறுப்பும் எடுத்திருக்கிறார்கள். உயரத்தில் வரைவதற்குச் சாரம் கட்டியதற்கான துளைகள்கூடச் சுவரில் இருக்கின்றன. அவர்கள் மான் இனமான ரெயின்டீரைத்தான் அதிகம் தின்றார்கள் என்று அங்கே கிடைத்த எலும்புகள் சொல்கின்றன. ஆனால் சுவரில் ரெயின்டீர் ஏறக்குறைய இல்லவே இல்லை! ஆக, சாப்பாட்டுக்காக மட்டும் வரைந்த படங்கள் அல்ல இவை.

இத்தனை ஆயிரம் ஆண்டு இவை எப்படித் தப்பின? குகையின் வாய் மண்ணும் கல்லும் சரிந்து மூடிக்கொண்டது. மேலே இருக்கும் களிமண் அடுக்கு மழை நீரை உள்ளே விடவில்லை. காற்றும் வெப்பமும் ஈரமும் ஏறக்குறைய மாறாமலே இருந்தன. ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்த மாதிரி.

அந்தப் பெட்டியைத்தான் 1948 ஜூலையில் திறந்தார்கள். போர் முடிந்த நேரம், மக்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு வசதியாக வாசலை அகலப்படுத்தி, தரையைத் தோண்டித் தாழ்த்தி, படிக்கட்டும் மின்விளக்கும் வைத்தார்கள். தோண்டிய மண்ணோடு அதில் புதைந்திருந்த தடயங்களும் சேர்ந்து போயின. 1950களின் நடுவில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கும் மேல் உள்ளே போய் வந்தார்கள். ரவிதாவும் மர்சாலும்தான் வழிகாட்டிகள்.

வந்தவர்கள் யாரும் சுவரில் பெயர் கிறுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்! ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயு, நீராவி, உடம்புச் சூடு. நீராவி சுவரில் படிந்து, கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பை அரிக்க ஆரம்பித்தது. செருப்பில் ஒட்டி வந்த நுண்ணுயிர்களுக்கு மின்விளக்கு வெளிச்சம் வேறு கிடைத்தது. சுவரில் பச்சைப் பாசி பிடித்தது. இன்னொரு பக்கம் வெள்ளையாகக் கால்சைட் படிகம் படர்ந்தது. "பச்சை நோய்", "வெள்ளை நோய்" என்றே பெயர் வைத்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் வைத்தும் பலன் இல்லை. கடைசியில் 1963 ஏப்ரலில் கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையைப் பொதுமக்களுக்கு மூடினார். பதினைந்து ஆண்டுகளில் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டிருந்தார்கள்.

சுற்றுலாவை நம்பிப் பிழைத்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் அசலிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி லாஸ்கோ-2 என்ற நகலைக் கட்டி 1983ல் திறந்தார்கள். ஓவியர் மொனிக் பெய்த்ரால் பல ஆண்டுகள் உழைத்து அதில் வரைந்தார். பிறகு அந்த நகலைப் பார்க்க வருகிறவர்களின் நடமாட்டமே குன்றுக்கு ஆபத்து என்ற கவலை வந்தது! 2016 டிசம்பரில் குன்றின் அடிவாரத்தில் இன்னும் முழுமையான லாஸ்கோ-4 திறக்கப்பட்டது. ஊரின் பெயரும் 2020ல் மோன்தின்யாக்-லாஸ்கோ என்று மாறியது.

மூடியதோடு நோய் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 2001ல் புது இயந்திரம் பொருத்திய சமயத்தில் வெள்ளைப் பூஞ்சை பரவியது. பிறகு கறுப்புப் புள்ளிகள் தோன்றின. இப்போது ஆய்வுக்கும் பராமரிப்புக்கும் மட்டும் மிகச் சிலர், அதுவும் கொஞ்ச நேரம்தான் உள்ளே போகிறார்கள்.

"நகலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பத்து லட்சம் பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆசையாகப் பார்க்க வந்தவர்கள். ஒருவர் மூச்சால் ஒன்றும் ஆகியிருக்காது. "நான் ஒருத்தன் போனால் என்ன ஆகிவிடும்?" என்று எல்லோரும் நினைத்ததுதான் சிக்கல். இந்தப் பாடம் வீண் போகவும் இல்லை. 1994ல் தெற்கு பிரான்ஸில் ஷோவே குகை கிடைத்தபோது அதைப் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. 2015ல் நேராக நகலைத்தான் திறந்தார்கள்.

ஆகவே நண்பர்களே, யாருக்காவது அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு வந்தால் படகில் போங்கள், காட்டில் நடங்கள், நகலையும் நன்றாகப் பாருங்கள். அசல் குகை இருக்கும் குன்றைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். உள்ளே போகாமல் இருப்பதும் அந்தக் காளைகளுக்கு நாம் செய்யும் ஒரு மரியாதைதான்.