மஜ்னூன் என்னும் சொல்

எங்கள் வரிச்சிக்குடிப் பக்கத்தில் ஒருவன் தனக்குத்தானே பேசித் திரிந்தால் ‘பேய் பிடித்தவன்’ என்பார் சிலர். நம்மவர் ‘ஜின் கோளாறு’ என்பர். இவ்விரு சொற்களும் ஒன்றல்ல.

‘பே’ என்னும் சொல்லுக்கு அச்சம் என்று பொருளுரைக்கிறது தொல்காப்பிய உரியியல். பேய் என்பது அதனினின்று கிளைத்தது எனக் கொள்வது பொருந்தும். ஆயினும் அண்டையிலுள்ள காரைக்காலில் தோன்றிய அம்மையார் தம்மையே பேய் என்று தம் பதிகத்திற் குறித்துக்கொண்டார் என்பதையும் நினைவிற் கொள்க.

‘ஜின்’ என்னும் அறபுச் சொல்லின் வேரோ வேறு. ஜீம், நூன், நூன் எனும் மூன்றெழுத்தும் கூடினால் மறைத்தல் என்று பொருள். கருவறையில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். மரங்கள் அடர்ந்து தரையை மறைக்கும் சோலை ஜன்னத். உடலை மறைத்துக் காக்கும் கேடயம் ஜுன்னத். நோன்பைக் கேடயம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது ஆண்ட சொல் இதுவே. கண்ணுக்கு மறைந்த படைப்பாதலால் ஜின் எனப்பட்டது. ஜின்களுள் நல்லோரும் அல்லாதோரும் உளர் என்பதைத் திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்திற் காணலாம். எனவே ஜின்னைப் பேய் என்று பெயர்த்தெழுதுவது தகாது.

இவ்வேரிற் பிறந்த ‘மஜ்னூன்’ என்பதற்கு அறிவு மறைக்கப்பட்டவன் என்றும், ஜின் தீண்டியவன் என்றும் இரு பொருள் உண்டு. இஸ்லாத்திற்கு முந்திய அறபிகள், கவிஞனுக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பது ஜின் என நம்பினர். ஜின்கள் உறைவதாக அவர்கள் கருதிய இடம் அப்கர். பேரறிவாளனை அறபு மொழியில் இன்றும் ‘அப்கரீ’ என்றே அழைக்கின்றனர்! குறைஷிகள் நாயகத்தை மஜ்னூன் என ஏசியதும் இந்நம்பிக்கையின் வழியேதான். 68ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே அதை மறுத்தது.

ஃபிக்ஹு நூலோரோ முதற் பொருளையே பற்றினர். சிறுவனையும் உறங்குபவனையும் போல, மஜ்னூன் மீதும் மார்க்கக் கடமை இல்லை என்றனர். 1037இல் மறைந்த இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில், மனச்சோர்வு நோய் ஜின்னால் வருவதென்பாரும் உளர். வைத்தியம் கற்கும் நமக்கு அது பொருட்டன்று. கரும்பித்தம் மிகுதலே அண்மைக் காரணம் என்னும் கருத்துப்பட எழுதினார். நம் தமிழ்ப் ‘பைத்தியம்’ என்பதும் பித்தத்தினின்று வந்த சொல்லே.

நம் வீடுகளிலோ இரண்டாம் பொருளே நிலைத்துவிட்டது. மருத்துவரிடம் செல்லவேண்டியோர் பலர் ஏர்வாடிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, தர்காவைச் சூழ்ந்திருந்த தனியார் கொட்டகைகளிற் கிடந்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று அத்தகைய கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். மனநோயாளரை எவ்வகையாலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது.