பாலைவனத்துப் பழங்காரும் பத்து காஜா மாளிகையும்

கட்டுக்கதைக்குக் கால் இல்லை. ஆயினும் அது கடல் கடந்து நடக்கும். வரலாற்றுக்கு வலிமை உண்டு. ஆயினும் எடுத்துச் சொல்வார் இல்லையெனில் அது தன் வீட்டு வாயிலையும் தாண்டாது. இவ்வுண்மையை விளக்க இரண்டு மாளிகைகள் சான்றாக நிற்கின்றன. ஒன்று பேராக் மாநிலத்துப் பத்து காஜாவில் உள்ளது. மற்றொன்று அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பாலைவனத்தில் உள்ளது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தவை. இரண்டும் முற்றுப் பெறாமல் நின்றவை. இரண்டையும் கட்டுக்கதைகள் கொடிபோல் சுற்றிக்கொண்டுள்ளன. ஈரமண்ணில் எழுந்த ஒன்றையும் வெந்த மணலில் எழுந்த ஒன்றையும் பிணைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் மோட்டார் கார்.

மழைநாட்டு மாளிகை

பத்து காஜா என்பதற்கு யானைக்கல் என்பது பொருள். ஆங்கிலேயர் காலத்தில் கிந்தா மாவட்டத்தின் ஆட்சித் தலைமையிடமாக விளங்கிய ஊர் அது. அங்கிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ராயா ஆற்றின் அருகே, சிறு குன்றின்மேல் கெல்லி மாளிகை நிற்கின்றது.

அதனை எழுப்பிய வில்லியம் கெல்லி ஸ்மித், 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில், 1890இல், மலாயா வந்தார். அல்மா பேக்கர் என்பாரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்து, காடு திருத்தும் பணியில் பொருள் ஈட்டினார். பின்னர் கிந்தாவில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கிப் பால்மரம் நட்டார். தம் தாயகத்துக் கெல்லாஸ் என்னும் சிற்றூரின் பெயரைச் சேர்த்து, அத்தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் எனப் பெயரிட்டார். முதலில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். 1915இல் மகன் பிறந்தபின், அதனினும் பெரிய மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். சென்னையிலிருந்து தொழிலாளரும் செங்கல்லும் வந்தன. உயர்ந்த கோபுரத்தில் மின்தூக்கி வைக்கவும் திட்டமிடப்பட்டது.

1926இல் ஐரோப்பா சென்ற கெல்லி ஸ்மித், லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். வேலை நின்றது. தோட்டம் கைமாறியது. காடு மாளிகையை மூடிக்கொண்டது. காடு மூடிய இடத்தில் கதை முளைத்தது. இரவில் துரை உலாவுகின்றார் என்றனர். ஆற்றுக்கு அடியில் மாரியம்மன் கோயில்வரை சுரங்கம் செல்கின்றது என்றனர். மின்தூக்கியை வாங்கப் போன இடத்தில்தான் உயிர் போயிற்று என்றனர். இன்று அங்கு வரும் சுற்றுலாப் பயணியர் பலர் முதலில் கேட்பது பேயைப் பற்றித்தான். பால்மரத்தைப் பற்றி அன்று.

பாலைவனத்துக் கதைசொல்லி

கெல்லி ஸ்மித் மலாயாவில் கால் வைத்த அதே 1890இல், அமெரிக்காவில் ஓர் இளைஞன் 'பபலோ பில்' என்பாரின் குதிரை வேடிக்கைக் காட்சிக் குழுவில் சேர்ந்தான். 1872இல் பிறந்த அவன் பெயர் வால்ட்டர் ஸ்காட். புகழ்பெற்ற நாவலாசிரியரின் பெயர்தான். இவனும் கற்பனையில் அவருக்குக் குறைந்தவன் அல்லன். ஆயின் இவன் தன் கற்பனையை ஏட்டில் எழுதவில்லை. பணமுள்ளவர் காதில் ஊதினான்.

பன்னிரண்டு ஆண்டுகள் காட்சிக் குழுவில் சுற்றிய ஸ்காட்டி, மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் பாலைவனத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த பொற்சுரங்கம் ஒன்று உண்டு என்று பறைசாற்றினான். செல்வர் பலர் முதல் கொடுத்தனர். பொன் மட்டும் வரவில்லை. 1905 ஜூலையில் அவன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து சிகாகோவுக்குத் தனி இரயில் ஒன்றை அமர்த்தினான். அது 44 மணி 54 நிமிடத்தில் சென்று புதிய விரைவுச் சாதனை படைத்தது. நாளேடுகள் அவன் பெயரை நாடெங்கும் பரப்பின. பொற்சுரங்கம் இல்லாதவன் இப்படிப் பணத்தை வாரி இறைப்பானா என்று மக்கள் எண்ணினர். அவர்கள் அவ்வாறு எண்ண வேண்டும் என்பதே அவன் நோக்கம்.

அவனை நம்பி முதலிட்டவருள் ஒருவர் ஆல்பர்ட் ஜான்சன். சிகாகோவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடத்திய செல்வர். 1899இல் நேர்ந்த இரயில் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். சுரங்கத்தைப் பார்க்கப் பாலைவனத்திற்கு வந்தார். சுரங்கம் பொய் என்பது நாளடைவில் தெளிந்தது. ஆனால் வறண்ட காற்று அவர் உடலுக்கு நலம் தந்தது. ஸ்காட்டியின் பேச்சு உள்ளத்திற்கு நலம் தந்தது. வஞ்சித்தவனும் வஞ்சிக்கப்பட்டவரும் உயிர் நண்பராயினர். கொடுத்த பணத்தை அவன் சிரிப்பாகத் திருப்பித் தந்துவிட்டான் என்பது ஜான்சனின் கணக்கு.

1922இல் ஜான்சன் அப்பாலைவனத்தில் மாளிகை கட்டத் தொடங்கினார். 1931இல், பொருளாதாரச் சரிவின்போது, வேலை நின்றது. மாளிகை ஜான்சனுடையது; பணமும் ஜான்சனுடையது. ஸ்காட்டியோ, 'இது என் கோட்டை. என் சுரங்கத்துப் பொன்னால் கட்டுகின்றேன்' என்று வந்தவரிடமெல்லாம் அளந்தான். ஜான்சன் மறுக்கவில்லை, தாம் அவனுடைய கணக்கர் போல் நடந்துகொண்டு உள்ளுக்குள் சிரித்தார். ஸ்காட்டி 1954இல் இறந்தான். மாளிகை இன்றும் 'ஸ்காட்டியின் கோட்டை' என்றே வழங்குகின்றது. பொய் சொன்னவன் பெயர் நிலைத்தது. பொருள் கொடுத்தவர் பெயர் மறைந்தது.

காரின் சாட்சி

அங்கே வந்தவர் கண்ணைக் கவர்ந்தவை ஜான்சன் குடும்பத்தாரின் பேக்கார்டு கார்கள். 1899 முதல் 1958 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட பேக்கார்டு, செல்வர்க்கே உரிய கார். பொற்சுரங்கக் கதையைக் கேட்டுவிட்டு அக்காரைப் பார்ப்பவர்க்கு, கதை மெய்போலவே தோன்றும். பொய்க்குச் சாட்சி வேண்டுமானால் பளபளப்பான பொருளைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

ஆயின் காருக்கு வேறொரு முகமும் உண்டு. 1943இல் அதே பள்ளத்தாக்கில், ஜான்சன் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி, அவர் மனைவி பெசி உயிரிழந்தார். கதைசொல்லியின் வேடிக்கைக் கதைகளில் இதற்கு இடமில்லை. அம்மாளிகையைக் கட்ட உழைத்தவருள் அம்மண்ணின் பழங்குடியினரான ஷோஷோனி மக்களும் இருந்தனர். அவர்களுக்கும் கதையில் இடமில்லை. 2015 அக்டோபரில் பெருவெள்ளம் புகுந்து மாளிகையைச் சேதப்படுத்தியதால் அது மூடப்பட்டது. 2021இல் பழைய கார்க் கொட்டகைக் கட்டடம் தீக்கு இரையாயிற்று. கதை மட்டும் வெள்ளத்தில் நனையவில்லை; தீயில் வேகவில்லை.

சக்கரமும் பால்மரமும்

பேக்கார்டு கார் எதன்மீது ஓடியது? ரப்பரின்மீது. பொற்சுரங்கக் கதை காரின் பளபளப்பைக் காட்டும்; வரலாறோ காரின் சக்கரத்தைக் காட்டும்.

1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்தார். 1908இல் போர்டு தம் புகழ்பெற்ற எளிய காரை வெளியிட்டார். கார் பெருகப் பெருக ரப்பரின் தேவை பெருகியது. அக்காலத்துச் சக்கரங்கள் சில ஆயிரம் மைல் ஓடினாலே தேய்ந்துவிடும். கரடுமுரடான நிலத்தில் அதற்கும் முன்பே கிழியும். பழைய படங்களில் கார்ச் சக்கரங்கள் வெளிறித் தோன்றுவதைக் காணலாம். கரித்தூளைக் கலந்து சக்கரத்திற்கு உறுதி ஊட்டும் முறை பரவிய பின்னரே அவை கறுப்பாயின. வெளிறிய அந்நிறம் பாலின் நினைவைச் சுமந்த நிறம்.

1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காட்டு நிலத்தில் பால்மரம் நட்டவர் சில ஆண்டுகளில் கோட்டை கட்ட எண்ணியதற்குக் காரணம் மந்திரமும் அன்று, புதையலும் அன்று, இந்த விலையே. விலை ஏறியதுபோல் இறங்கவும் செய்தது. 1922இல் ஆங்கில அரசு ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதனைப் பொறுக்காத அமெரிக்கச் சக்கர முதலாளி பயர்ஸ்டோன், 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தமக்கெனத் தோட்டம் அமைக்க உடன்படிக்கை செய்தார்.

அக்காலத்தில் உலகின் ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவில் விளைந்தது; அதில் பெரும்பகுதி அமெரிக்காவிற்குச் சென்றது. எந்தத் தோட்டத்துப் பால் எந்தக் காரின் சக்கரமாயிற்று என்று பிரித்துக் கூற எவராலும் ஆகாது. ஆற்றில் கலந்த நீரை இது எந்த ஓடையின் நீர் என்று கேட்பது போன்றது அது. ஆயினும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்தைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்த தமிழர் கைகளின் பங்கு, உலகச் சாலைகளில் ஓடிய கார்களில் எல்லாம் கலந்திருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னும் கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அவர்கள் அறிந்த சுரங்கம் ஒன்றே, அது பால்மரம். அதிலிருந்து பொன் எடுத்தவர் வேறு.

கோபுரத்தில் ஒரு தொப்பி

கெல்லி மாளிகை எழுந்துகொண்டிருந்த காலத்தில், 1918இல், ஸ்பானியக் காய்ச்சல் உலகை வாட்டியது. அங்கும் தொழிலாளர் பலர் மாண்டனர் என்பர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர். துரையும் இசைந்தார் என்பது வழிவழிச் செய்தி. மாளிகைக்குச் சிறிது தொலைவில் அக்கோயில் இன்றும் உள்ளது. அதன் உருவங்களுக்கிடையே வெள்ளை உடையும் தலையில் தொப்பியுமாகத் துரையின் சிலை நிற்கின்றது.

இங்கு ஒரு வேற்றுமை கருதத்தக்கது. பாலைவனத்தில் கதைசொல்லி, கட்டியவரின் பெயரை மறைத்துத் தன் பெயரை நாட்டினான். பத்து காஜாவிலோ, உழைத்த மக்கள் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளாமல், தமக்கு இடம் கொடுத்தவரின் உருவைத் தெய்வங்களின் நடுவே வைத்தனர். இது நன்றியின் சிறப்பு. ஆனால் அந்நன்றிக்குக் கைம்மாறாக அவர்கள் பெயர்களை எந்தச் சுவரும் சுமக்கவில்லை.

ஆகவே மாணவரை அம்மாளிகைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் கோயிலுக்கும் அழைத்துச் செல்லுதல் வேண்டும். பேய்க்கதை கேட்டு மகிழும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டுவதில்லை. கதை குழந்தைக்கு உணவு. ஆனால் கதை முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குதல் வேண்டும். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? இதனைக் கட்டிய கைகள் யாருடையவை? இக்கதையைச் சொல்பவர்க்கு இதனால் என்ன பயன்? இம்மூன்றையும் கேட்டிருந்தால் ஸ்காட்டியின் பொற்சுரங்கம் ஒரே நாளில் மூடப்பட்டிருக்கும்.

பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் கலைந்தன, தோட்டத்து முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் நினைவில் உள்ள பெயர்களையும் ஊர்களையும் தொழில்களையும் பள்ளிப் பிள்ளைகள் இன்றே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எழுதாமல் விட்டால், அவ்விடத்தையும் ஒரு நாள் பேய்க்கதையே நிரப்பும்.