கொடைரோடு வட்டாரத்தில் பேரிடர் ஆயத்தம்

கொடைரோடு, திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில் அம்மையநாயக்கனூரை ஒட்டிய ஊர். திண்டுக்கல்–மதுரை ரயில் பாதையும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வழியே செல்கின்றன. கொடைக்கானல் போகிறவர்கள் ரயிலை விட்டிறங்கி மலைக்கு வண்டி பிடிப்பது இங்கேதான். ஊர் சிறியது, வந்து போகும் கூட்டம் பெரியது. அவசரகாலத் திட்டம் இந்த வழிப்போக்கர்களையும் கணக்கில் கொண்டாக வேண்டும்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்கைச் சீற்றத்தையும் மனிதரால் நேரும் அழிவையும் ஒரே வரையறைக்குள் வைத்தது. அதன்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம் இயங்குகிறது.

வெள்ளத்துக்குப் பழகிய ஏற்பாடு ஒன்று இங்கே உண்டு. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களுக்கு அது போய்ச் சேரும். நிலக்கோட்டை வட்டத்து அணைப்பட்டி, பேரணைப் பகுதி மக்கள் ஆற்றில் இறங்காமல் ஒதுங்க அவகாசம் கிடைக்கிறது.

வெடிகுண்டு அப்படி அவகாசம் தருவதில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தனர். ரயில் நிலைய வாகன நிறுத்தமும் அரசு மருத்துவமனையும்கூடத் தப்பவில்லை. காயமடைந்தவர்களை எங்கே கொண்டுபோவது என்பதற்கு மாற்று வழியும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த நாள் காட்டியது.

2011 அக்டோபர் 28 அன்று பா.ஜ.க. தலைவர் அத்வானியின் யாத்திரை செல்லவிருந்த வழியில், திருமங்கலம் அருகே ஆலம்பட்டிப் பாலத்தின் அடியில் குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னதால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. எந்தக் கருவியையும்விட, தன் ஊர்ப் பாலத்தையும் கடைத்தெருவையும் தினமும் பார்க்கிற கண்ணுக்கே மாற்றம் முதலில் தெரியும். கொடைரோட்டில் ஆட்டோ ஓட்டுநர், பூ வியாபாரி, டீக்கடைக்காரர், ரயில்வே போர்ட்டர் ஆகியோருக்குத்தான் முதலில் பயிற்சி தர வேண்டும்.

பயங்கரவாதம் மட்டுமே ஆபத்தல்ல. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், தடையை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தனர்.

கேட்பாரற்ற பை கண்ணில் பட்டால் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. அதனருகே நின்று செல்போனில் பேசக் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு, தள்ளிப்போய்த் தகவல் சொல்ல வேண்டும். எல்லா அவசரத்துக்கும் 112, ரயிலிலும் நிலையத்திலும் 139, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.